பகவதிக்குக் கொடுத்த கன்சோல்

எனக்குப் பொறாமையாம்ண்ணே. என் மாமியார் சொல்றாங்க. நேத்துப் போன்ல, "மருமகனே, ஒங்களுக்குப் பொறாமையாக்கும்"னு பட்டுன்னு போட்டு உடைக்கிறாங்க. பொண்டாட்டி மேல யாராவது பொறாமப்படுவாங்களா? நீங்களே சொல்லுங்க. அவளுக்கு ஒரு பேருன்னா அது எனக்கும் பேருதானே?

நீங்க நாகர்கோவில்தானே எறங்கணும்? பேச்சுலயே தெரிஞ்சுச்சு. என் வீட்டுக்காரியும் உங்க ஊருதான். பகவதின்னு பேரு. கல்யாணமாகி மதுரைக்கு வந்து அத்தன நாளாகியும் அந்த 'ஆக்கும்', 'ல்லா' மட்டும் போகல. நல்ல பொண்ணுதாண்ணே. நான் குறை சொல்ல வரல. நடந்தத மட்டும் சொல்றேன், யாரு மேல தப்புன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வள்ளியூர் தாண்டியாச்சு, ஊரு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

நான் என்ன வேல பாக்குறேன்னு கேட்டீங்கல்ல? மதுரையில ஒரு சின்ன கம்பெனி. பால் சொசைட்டி இருக்குல்லண்ணே, காலையில கேன்ல பாலக் கொண்டாந்து ஊத்துவாங்க, எடை போட்டு, கொழுப்புப் பாத்து, சீட்டு அடிச்சுக் குடுப்பாங்க. அந்தச் சீட்டு அடிக்கிற சாஃப்ட்வேரச் செய்றது நாங்கதான். புதுசா ஒண்ணு செஞ்சா அத ஓட்டிப் பாத்து, எங்க உடையுதுன்னு கண்டுபிடிக்கிறது என் பொறுப்பு. டெஸ்டிங்னு சொல்லுவாங்க. சோலைராஜன் ஒரு தடவ பாத்துட்டா அதுல ஓட்டையே இருக்காதுன்னு ஆபீஸ்ல பேச்சு உண்டு. நான் சொல்லல, அவங்க சொல்றது.

ஒவ்வொரு சொசைட்டியிலயும் ஒவ்வொரு தினுசு கம்ப்யூட்டர் இருக்கும். ஒரு ஊர்ல போன வருசம் வாங்குனது, இன்னொரு ஊர்ல எங்கப்பா காலத்துது. எல்லாத்துலயும் நம்ம சாஃப்ட்வேர் ஓடணும். அதுக்காக அம்புட்டையும் வாங்கி அடுக்க முடியுமா? கோயம்புத்தூர் ஆபீஸ்ல ஒரு பெரிய சர்வர் இருக்கு. அதுக்குள்ளயே, நெசத்துல இல்லாத கம்ப்யூட்டரா, வேணும்ங்கிற தினுசுல உருவாக்கிக்கலாம். வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. ஒரு காம்பவுண்டுக்குள்ள பல குடித்தனம் இருக்குற மாதிரி. ஒரு வீட்டுல கூரையே விழுந்தாலும் அடுத்த வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. எந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு மதுரையில ஒக்காந்துக்கிட்டே பாக்கலாம். அப்படிப் பாக்குறதுக்குத்தான் கன்சோல். அதத் தொறந்தா அந்த மெஷினோட திரை அப்படியே ஒங்க முன்னால வந்துரும். நீங்க இங்க அடிக்கிற எழுத்து அங்க போய் விழும்.

இன்னொண்ணும் இருக்கு. மெஷின் நல்லா இருக்கும்போது அத அப்படியே ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சுக்கலாம். அப்புறம் ஏதாவது கோளாறாச்சுன்னா அந்தப் போட்டோ எடுத்த நாளுக்கே திருப்பிரலாம். ஆனா ஒண்ணு. நடுவுல அதுல என்ன வேல செஞ்சிருந்தாலும் மாயமாப் போயிரும்.

அந்த அம்புட்டு மெஷினும் என் கையிலதாண்ணே இருந்துச்சு. வருசக்கணக்கா. எவனுக்கு எந்த மெஷின் வேணும்னாலும் என் மேசைக்கு வந்து நிக்கணும். "சோலைண்ணே, அந்தப் பழைய மெஷினக் கொஞ்சம் எழுப்பி விடுங்க"ம்பாங்க. நான் காப்பியக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழுப்புவேன். திமிருன்னு நெனைக்காதீங்க. ஒரு ஒழுங்கு வேணுமில்ல?

பகவதியச் சேத்துவிட்டதே நாந்தான். அதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அவ படிச்சது கெமிஸ்ட்ரி. வீட்டுல சும்மா இருக்காளேன்னு எங்க மேனேஜர் திருவேங்கடம் சார்கிட்ட நான்தான் பேசுனேன். வந்த மொத நாள் கன்சோலத் தொறந்து காட்டுறேன், ஒரே கருப்பா இருக்கு திரை. "அணைஞ்சுல்லா கெடக்கு"ங்கிறா. "அணையல, நீ ஏதாவது சொல்லுவியான்னு காத்துக்கிட்டு இருக்கு"ன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா.

என் நாற்காலிக்குப் பின்னால ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. நான் சாஃப்ட்வேர ஒடைக்கிறதப் பாப்பா. எடை ஏறிக்கிட்டு இருக்கும்போதே தராசு வயரப் புடுங்கி விட்ட மாதிரி செய்வேன். ஒரே கேன ரெண்டு தடவ ஊத்துன மாதிரி செய்வேன். பாலே இல்லாம கொழுப்பு மட்டும் அனுப்புவேன். ஒவ்வொண்ணுக்கும், "இது எப்படிங்க தோணுச்சு?"ன்னு கேப்பா. என்னைய அப்படி யாரும் உக்காந்து பாத்ததில்லண்ணே. எங்கம்மாகூட இல்ல.

அப்புறம் ஸ்டூல எடுத்துக்கிட்டுப் போய் தனி மேசை போட்டுட்டாங்க அவளுக்கு.

தனி மேசை போட்டப்பறம் என்னாச்சு? பசங்கல்லாம் அவகிட்டப் போக ஆரம்பிச்சுட்டானுங்க. எனக்குத் தெரியாமயா? "அக்கா, இந்த பில்டு நின்னு போச்சு, கன்சோல்ல என்ன தெரியுதுன்னு பாருங்கக்கா"ம்பான் ஒருத்தன். பில்டுன்னா எழுதுன சாஃப்ட்வேர ஓட்டுறதுக்குத் தயார் பண்றது. உடனே பாத்துச் சொல்லிருவா. காத்திருக்கவே விட மாட்டா. அப்படி இளகிப் போனா மதிக்க மாட்டானுங்கன்னு நான் வீட்டுல சொன்னேன். "அவங்க வேல நிக்குதுல்லா"ங்கிறா. அவங்க வேலையாம். புருசன் சொல்றது காதுல ஏறல.

அந்த நேரத்துல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. எவனோ ஒருத்தன் என்னைக் கேக்காம ஒரு மெஷின்ல பில்டு போட்டு விட்டிருந்தான். நான் பாத்தேன், அணைச்சு விட்டுட்டேன். பாதி ஓடிக்கிட்டு இருந்துச்சாம். நாலஞ்சு பேரோட வேல போச்சுன்னு ஒரே கூப்பாடு. கேட்டுட்டுப் போட்டிருந்தா நான் ஏன் அணைக்கப் போறேன்? சின்ன விஷயந்தான். ஆனா திருவேங்கடம் சார் மீட்டிங் போட்டுட்டாரு. "இனிமே ஒருத்தர்கிட்ட மட்டும் முழு அதிகாரம் இருக்கும். மெஷின எழுப்புறது, அணைக்கிறது, பழைய நாளுக்குத் திருப்புறது எல்லாம் அவங்கதான். மத்தவங்க கன்சோலத் தொறந்து பாக்கலாம், தொடக் கூடாது. பகவதி, நீங்க பாத்துக்குங்க."

நான் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிக்கத் தயாரா இருந்தேண்ணே. பகவதின்னுட்டாரு.

அவ என்னையப் பாத்தா. "சார், அவரு இருக்காருல்லா, அவருகிட்டயே..."ன்னு இழுத்தா. பாத்தீங்களா? எல்லாரு முன்னாலயும் எனக்குச் சிபாரிசு. எனக்கு! நாந்தான் கன்சோல்னா என்னன்னு சொல்லிக் குடுத்தவன். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அவளே பாக்கட்டும்"னு சொல்லிட்டேன். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன்.

அதுக்கப்பறம் என் பொழப்பப் பாருங்க. எனக்கு ஒரு மெஷின் வேணும்னா பொண்டாட்டிகிட்டக் கேக்கணும். நான் கேக்க மாட்டேன். கேக்காம உக்காந்திருப்பேன். நான் ஆபீஸ் போறதுக்குள்ள எனக்கு வேணும்ங்கிற மெஷின எல்லாம் எழுப்பித் தயாரா வச்சிருப்பா. நான் கேக்கக் கூடாதுன்னே அப்படிச் செய்றது. அது இன்னும் கேவலமா இல்லையாண்ணே? கேட்டு வாங்குனாகூட ஒரு கணக்கு. கேக்காமயே போடுறது பிச்சைதானே?

இப்ப அந்த எபனேசர் கதைக்கு வர்றேன்.

எபனேசர்ங்கிறது கோயம்புத்தூர்ல அந்த சர்வரக் கவனிக்கிற ஆளு. நான் நேர்ல பாத்தது கெடையாது. ஆரம்பத்துலருந்து அவருக்கு நாந்தான் மெயில் போடுவேன். 'மெஷின் தொங்கிருச்சு, எழுப்பவும்' அப்படீன்னு. 'ஆச்சு'ன்னு ஒரு வார்த்த வரும். அவ்வளவுதான். வணக்கம்கூட இருக்காது. சரி, மனுசன் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் மத்தியானம். எனக்குத்தான் தொட அதிகாரம் இல்லையே, சும்மா ஒரு மெஷினோட கன்சோலத் தொறந்து பாக்குறேன். பகவதி அதுல ஏதோ வேல செஞ்சிக்கிட்டு இருக்கா. அவ அடிக்க அடிக்க எனக்குத் தெரியுது. ஒரே கன்சோல ரெண்டு மூணு பேரு தொறந்தா எல்லாருக்கும் ஒரே திரைதான். திடீர்னு ஒரு வரி வருதுண்ணே. முன்னால ரெண்டு கோடு நெடுக்க ரெண்டு கோடு குறுக்கப் போட்ட குறி. அந்தக் குறியப் போட்டுட்டா அப்புறம் என்ன அடிச்சாலும் மெஷின் அத உத்தரவா எடுத்துக்காது, சும்மா விட்டுரும். அந்தக் குறியப் போட்டு, தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு, ஒரு கேள்வி.

"சாப்டியாம்மா?"

அவளத் தவிர அதுல அடிக்க முடியுறது எபனேசர் மட்டுந்தான். கீழ இன்னொரு வரி.

"இல்ல அண்ணாச்சி. அவரு வரணும்."

எனக்கு வருசக்கணக்கா 'ஆச்சு'. அவளுக்குச் 'சாப்டியாம்மா'. பாத்தீங்களா வித்தியாசத்த? அம்மாவாம், அண்ணாச்சியாம். வாயில ஒரு அம்மாவும் ஒரு அண்ணாச்சியும் போட்டுக்கிட்டா எல்லாம் சரியாப் போச்சா? ஊர்ல எத்தன பாக்குறோம்? போன் இருக்கு, மெயில் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு யாரும் எட்டிப் பாக்காத மெஷினுக்குள்ள போய், மெஷினுக்கே புரியாத மாதிரி குறி போட்டு எதுக்குப் பேசணும்?

என்னது? அவரு வரணும்னு அவ எனக்காகத்தானே சாப்பிடாம இருந்தான்னு கேக்குறீங்களா? அது சும்மா பேச்சுக்குண்ணே. அவனுக்குத் தெரியட்டும்னு சொல்றது, புருசன் கூடத்தான் இருக்கான்னு. எனக்குப் புரியாதா.

நான் ஒண்ணும் கேக்கல. சண்ட போடுற ஆளு இல்ல நான். தினமும் அந்த மெஷினத் தொறந்து பாக்க ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். என் வேலையக்கூட அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சிட்டுப் பாத்தேன். ஏதேதோ நீளமா எழுதுவா, ஓட்டுவா, நின்னு போகும், திருத்துவா. அது எனக்கு முக்கியமில்ல. அந்தக் குறி போட்ட வரி எப்ப வரும்னுதான் கண்ணு. ஒரு நாள் வந்துச்சு.

"அவருகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி. இப்பச் சொன்னா தாங்க மாட்டாரு. வெள்ளிக்கிழம தானாத் தெரியட்டும்."

என்னத்தத் தாங்க மாட்டேன்? நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

அன்னைக்குச் சாயங்காலம் வண்டியில பின்னால உக்காந்து வர்றா. என் தோள்ல கை வச்சிருக்கா. "வெள்ளிக்கிழம என்ன விசேஷம்?"னு கேட்டேன். கை ஒரு நிமிசம் எடுத்துட்டு மறுபடி வச்சா. "பால் யூனியன்காரங்க வர்றாங்கல்லா, புதுசா ஓட்டிக் காட்டணும்"ங்கிறா. "வேற?" "வேற ஒண்ணுமில்லயே." பொய். அந்தக் கை சொல்லிருச்சு.

அந்தச் சமயத்துல ஆபீஸ்ல இன்னொரு பேச்சும் அடிபட்டுச்சு. இனிமே கையால உக்காந்து டெஸ்ட் பண்ற ஆளுங்க வேணாம், எல்லாம் தானா ஓடுற மாதிரி மாத்தப் போறாங்க, சிலரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்கன்னு. அது என்னையப் பத்தி இல்ல. நான் சீனியர். சும்மா நெலமைய உங்களுக்குச் சொல்றேன்.

வியாழக்கிழம மத்தியானம். அவ டிபன் கேரியர எடுத்துக்கிட்டு, "வாங்க, கீழ போவோம்"ன்னா. "நீ போய் எடுத்து வை, வர்றேன்"னேன். போனா. அவ கம்ப்யூட்டரு தொறந்தே கெடக்கு. என்கிட்ட அவ எதையும் பூட்டி வைக்க மாட்டா. வீட்டுலயும் அப்படித்தான், பீரோ சாவி, போனு எல்லாம் போட்டது போட்ட இடம். ஒரு ஜாக்கிரத கெடையாது.

அவ நாற்காலியில உக்காந்தேன். அந்த மெஷினு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு. திருப்புற பட்டன அமுக்குனேன், 'பழைய நாளுக்குத் திருப்பவா?'ன்னு கேக்குது. அவ அதுல நுழையுறதுக்கு முந்தின ஒரு நாளாப் பாத்து எடுத்தேன். 'நடுவில் உள்ள எல்லாம் அழியும், உறுதியா?'ன்னு மறுபடி கேட்டுச்சு. உறுதின்னேன். அவ்வளவுதான். சத்தங்கூட வரல. ரெண்டு பேரும் அங்க பேசுனதெல்லாம் போயிரும், அப்புறம் எங்க பேசுவாங்கன்னு பாப்போம். அதுக்குத்தாண்ணே செஞ்சேன். வேற கெட்ட எண்ணம் எனக்கு இல்ல.

கீழ போனேன். எலுமிச்சஞ் சாதம், வெண்டைக்காப் பொரியல். எனக்கு வச்சுட்டுத்தான் அவ போட்டுக்கிட்டா. அன்னைக்குப் பொரியல் அவ்வளவு நல்லா இருந்துச்சு. கேட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழம காலையில யூனியன்காரங்க, அந்த சொசைட்டிக்கெல்லாம் மேல இருக்குறவங்க, வந்து உக்காந்தாச்சு. வெள்ளச் சட்டையா மீட்டிங் ரூம் நெறஞ்சிருக்கு. திருவேங்கடம் சார், "இனி எங்க சாஃப்ட்வேர் எந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஓடுனாலும் தப்பே வராது, பகவதி காட்டுவாங்க"ன்னாரு. அவ எந்திரிச்சா. பட்டுச்சேல கட்டியிருந்தா அன்னைக்கு. என்னையப் பாத்துச் சின்னதாச் சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு நான் இன்னைக்கும் யோசிக்கிறேன். கன்சோலப் பெரிய திரையில தொறந்தா.

ஒண்ணுமே இல்ல. வெறும் கருப்பு.

ஏதோ அடிச்சுப் பாத்தா. 'அப்படி ஒண்ணு இல்லை'ங்குது மெஷின். மறுபடி அடிச்சா. திருவேங்கடம் சார் மொகம் செவந்து போச்சு. அவரே போய் சர்வரக் கேட்டுட்டு வந்தாரு. யாரு பேருல எந்த வேல நடந்துச்சுன்னு அது சொல்லிரும். "நேத்து மத்தியானம் பழைய நாளுக்குத் திருப்பியிருக்கு. உங்க பேருலதாம்மா இருக்கு. நீங்களா செஞ்சீங்க?"

நேத்து மத்தியானம்னு சொன்ன உடனே அவ என்னையத் திரும்பிப் பாத்தாண்ணே. ஒரே ஒரு தடவ. அப்புறம் அவருகிட்டத் திரும்பி, "நாந்தான் சார். கை தவறிருச்சு"ன்னா.

இப்ப நீங்க சொல்லுங்க. மனசுல குத்தம் இல்லாதவ செய்யாத ஒண்ண செஞ்சேன்னு ஏன் ஒத்துக்கணும்? ஏதோ இருக்கப் போய்த்தானே?

வீட்டுக்கு வந்தோம். கத்துவா, அழுவான்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல. வெளக்கப் போட்டா, அரிசி களைஞ்சா. அப்புறம் அடுப்படியிலருந்தே, "அழிக்கிறதுக்கு முன்னால அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவயாவது பாத்தீங்களா?"ன்னு கேட்டா. "அதத்தானே தினமும் பாத்துக்கிட்டு இருந்தேன்"னு சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருக்கலாம். "தினமுமா?"ன்னா. அப்புறம் அரிசிய ஒலையில போட்டா.

திங்கக்கிழம வேலைய விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் பொறப்பட்டுட்டா. அம்மா தனியா இருக்காங்க, கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்னு. பஸ் ஏத்தி விட்டது நாந்தான். தண்ணி பாட்டில்கூட வாங்கிக் குடுத்தேன்.

அந்த வாரமே எபனேசர் கெளம்பி வந்துட்டாருண்ணே, கோயம்புத்தூர்லருந்து. நான் என்னமோ மீசைய முறுக்கிக்கிட்டு, வாட்டசாட்டமா ஒருத்தன் வருவான்னு நெனச்சிருந்தேன். தலையெல்லாம் பஞ்சு. ரெண்டு காதுலயும் மெஷினு. அது இருந்தும் பாதி கேக்காது. அதனாலதான் போன்ல பேச மாட்டாராம், எல்லாம் எழுத்துலதானாம். ஆபீஸ்ல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு யாரும் சொல்லல. நான் கேட்டதுமில்லன்னு வச்சுக்குங்க.

உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, என்ன நெனைக்கிறீங்கன்னு. காது கேக்காதவரு, வயசானவரு, அப்ப ஒண்ணுமில்லன்னு. அப்படி இல்லண்ணே. அவகிட்ட அவரு எடுத்துக்கிட்ட உரிமைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? சாப்டியான்னு கேக்குறதுக்கு வயசு இருக்கா?

அவரு எதையும் ரெண்டா வச்சுக்குற ஆளாம். பகவதி செஞ்ச மெஷினோட நகல் ஒண்ணு அவருகிட்ட இருந்திருக்கு. யூனியன்காரங்கள மறுபடி வரவழைச்சு, அத ஓட்டிக் காட்டுனாரு. மொதல்ல திரையில ஒரு பேரு வருது. 'சோலைராஜன் சோதனைகள்'. அப்புறம் ஒண்ணொண்ணா தானா ஓடுது. எடை ஏறும்போதே தராசு வயரு புடுங்குது. ஒரே கேனு ரெண்டு தடவ ஊத்துது. பாலே இல்லாம கொழுப்பு வருது. நான் செய்றதெல்லாம், ஒண்ணு விடாம. நான் மறந்து போனதுகூட அதுல இருக்கு. எல்லா மெஷின்லயும் ஓடி முடிச்சிருச்சு. யூனியன்காரங்க கை தட்டுறாங்க. திருவேங்கடம் சார் வந்து என் தோளத் தட்டி, "உங்களப் போயி அனுப்பிரலாம்னு இருந்தேனே சோலை"ங்கிறாரு.

எனக்கு எப்படி இருக்கும்? என் மூளைண்ணே அது. ஸ்டூலப் போட்டு உக்காந்து பாத்தது இதுக்குத்தானா? என்னைக் கேக்காம நகலெடுத்து வச்சிருக்கா. என் பேரையும் போட்டிருக்கா. ஏன் என் பேரு? எங்கயாவது தப்பாப் போச்சுன்னா என் தலையில விழட்டும்னுதான். வேற எதுக்கு ஒருத்தி தான் செஞ்சதுக்கு இன்னொருத்தன் பேரப் போடுவா?

எபனேசர் ரயிலுக்குப் போறதுக்கு முந்தி என் மேசைக்கு வந்தாரு. காது கேக்காதவங்க சத்தமாத்தான் பேசுவாங்கல்ல, ஆபீஸுக்கே கேக்குற மாதிரி, "தம்பி, அந்தப் புள்ள கை தவறி அழிக்கல. அது ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்"னாரு. அப்புறம் சத்தத்தக் கொறைக்கப் பாத்து, கொறைக்கத் தெரியாம, "போய்க் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க. எனக்குத் தோணுனது ஒண்ணுதான். எங்க வீட்டுல நடந்தது இவருக்கு எப்படித் தெரியும்? அப்ப அவ சொல்லியிருக்கா. எனக்குச் சொல்லாதத இவருக்குச் சொல்லியிருக்கா.

இப்பக் கன்சோலு என்கிட்டத்தான் இருக்கு. முழு அதிகாரமும். டெஸ்டிங்குக்குத் தலைமையும் நாந்தான். பசங்க மறுபடி என் மேசைக்குத்தான் வர்றானுங்க. ஆனா முந்தி மாதிரி 'சோலைண்ணே' இல்ல, 'சார்'ங்கிறானுங்க. மரியாதைதான். காலையில போய் எல்லா மெஷினையும் நானே எழுப்பணும். எது எது வேணும்னு யாரும் எடுத்து வைக்க மாட்டாங்கல்ல.

அந்தா, கரண்ட் எடுக்குற காத்தாடி தெரியுது. ஆரல்வாய்மொழி வந்திருச்சுபோல.

போன வாரம் அவளே கூப்பிட்டா. "வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னு கேட்டா. பொய் சொல்லலண்ணே, அவ இல்லாம வீடு வீடாவே இல்ல. நான் உடனே சரின்னுட்டேன். "ஆனா ஒரு விஷயம் உங்க வாயால எனக்குக் கேக்கணும். அதச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க"ன்னா. என்னன்னு கேட்டேன். "அது நான் சொல்லிக் குடுத்தா பின்ன என்ன இருக்கு?"ன்னு வச்சுட்டா.

ஒரு வாரமா அதத்தான் யோசிக்கிறேன். என் வாயால என்ன வேணும் அவளுக்கு? ஒன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு நெனைக்கிறாபோல. சொல்லிரலாம்னுதான் வர்றேன். கூட்டத்துல ஒரு வார்த்த கேக்காம அவளுக்குக் குடுத்தாங்களே, அத மன்னிச்சிட்டேன். எபனேசரோட பேசுனத மன்னிச்சிட்டேன். என் பேரப் போட்டதையும் மன்னிச்சிட்டேன். இதுக்கு மேல ஒரு புருசன் என்ன செய்யணும்? ஏண்ணே, ஜன்னலுக்கு வெளியவே பாக்குறீங்க?

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கிறேன்னிருக்கா. இதுதானே வடசேரி? கொஞ்சம் சாஞ்சுக்குங்கண்ணே, தெரியல.

அந்தா நிக்கிறா. பச்சச் சேல, தூணுக்குப் பக்கத்துல. எளைச்சுப் போயிட்டா. பஸ் பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்குறா பாருங்க.

பக்கத்துல அது யாரு? ஹெல்மெட்டக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தன் பேசுறான். இவ சிரிக்கிறா. வாய மூடிக்கிட்டு சிரிக்கிறா பாத்தீங்களா? தெரிஞ்சவன் யாராவது வண்டியில கொண்டாந்து விட்டிருப்பான்னு நீங்க சொல்றீங்க. இருக்கட்டும். கொண்டாந்து விட்டவன் போக வேண்டியதுதானே? நின்னு சிரிக்க வைக்கிறதுக்கு என்ன இருக்கு? புருசன் வர்ற நேரத்துல?

நீங்க எறங்குங்கண்ணே, கண்டக்டர் கத்துறாரு. நான் எறங்கல. இப்ப எறங்குனா அவன் முன்னால போய் நிக்கணும், 'இவருதான் எங்க வீட்டுக்காரரு'ன்னு சொல்லுவா, அவனும் பல்லக் காட்டுவான். அது எனக்கு ஆகாது.

கண்டக்டர்! கன்னியாகுமரி ஒண்ணு.

நீங்க போங்கண்ணே. இந்த பஸ்ல கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்பி வர்ற பஸ்ல வந்து எறங்கிக்கிறேன். அதுக்குள்ள அவன் போயிருவான். அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. அவ பாட்டுக்கு நிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நிப்பா. நான் வந்து எறங்குற வரைக்கும் அந்தத் தூண்கிட்டயே நிப்பா. அந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்குச் சந்தேகமே கெடையாதுண்ணே.